கடிக்காத விரால்

முந்நூறு விரால் குஞ்சுகளைத் தொட்டியில் விட்டிருந்தேன். பதினெட்டு நாள் கழித்து எண்ணிப் பார்த்தால் முந்நூறும் இருந்தன. நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினேன்.

வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். விரால் வளர்த்தவர்களுக்குத்தான் இதன் விபரீதம் தெரியும். விரால் தன் இனத்தையே தின்னும் மீன். பெரிசு, நடு, சிறிசு என்று வாரம் ஒருமுறை பிரித்து வேறு வேறு தொட்டியில் விடாவிட்டால், பெரிசு சிறிசை விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கும். அந்த மாதம் இடுப்பு வலியில் நான் பிரிக்கவில்லை. பாதியாவது போயிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டுதான் வலையைப் போட்டேன். சுண்டுவிரல் அளவுக் குஞ்சும் அதைப்போல மூன்று மடங்குக் குஞ்சும் ஒரே மூலையில் சேர்ந்து நின்றன. ஒன்றின் வாலில்கூடக் கடித்த காயம் இல்லை.

என் பெயர் தங்கபுஷ்பம். தூத்துக்குடிக்குள் கடல் வந்து, நிலத்தடி நீர் மொத்தமும் உப்பாகி, மண்ணில் புல்கூட முளைக்காமல் போன பிறகு கட்டிய அடுக்ககங்கள் ஒன்றில் மீன் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள். கீழ்த்தளத்தில் மீன் தொட்டிகள். அந்தத் தண்ணீர் மேலே ஏறி, தட்டுத் தட்டாக நிற்கும் அரைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி வேர்களை நனைத்துச் சுத்தமாகி, திரும்ப மீனுக்கே வரும். ஆனால் மீன் கழிவு மட்டும் கீரைக்குப் போதாது. இலை வெளுக்கும், ஓரம் கருகும். ரசாயன உரத்தை ஊற்றினால் மீன் தாங்காது. அதனால் இயற்கை உரம்தான். ஒன்று, வெளியிலிருந்து வாங்கும் கடற்பாசிச் சாறு. இன்னொன்று எங்களுடையது. எல்லா வீட்டுச் சிறுநீரும் தனிக் குழாயில் இறங்கி, மூன்று மாதம் புளித்து, உரமாகும் தொட்டி. அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் நீளமானது. நாங்கள் மஞ்சத்தொட்டி என்போம். அதற்குப் பொறுப்பாளர் என் வீட்டுக்காரர் சாலமோன்.

கேட்க அருவருப்பாக இருந்தால் இருக்கட்டும். அந்தக் கீரையைச் சாப்பிட்டு ஆறு வருடம் நன்றாகத்தான் இருந்தோம். கட்டடத்துக்கு இரண்டு விதிகள் உண்டு. ஒரு சொட்டு நீரும் வெளியே போகக் கூடாது என்பது ஒன்று. தொட்டியில் இருக்கிற நுண்ணுயிர்களால் செரிக்க முடியாத மருந்தைச் சாப்பிடுகிறவர்களுக்கு உள்ளே இடம் இல்லை என்பது இன்னொன்று. ‘கரையாத மருந்துகள்’ என்று ஒரு பட்டியலே வாசலில் ஒட்டியிருக்கும். குடியேறிய அன்று பைபிள், கீதை, குர்ஆன் என்று அவரவர் புத்தகத்தில் கை வைத்துக் கையெழுத்துப் போட்டோம்.

சந்தேகம் என் பிறவிக் குணம். பால் பொங்கினால்கூட, அடுப்பில் யார் கை வைத்தது என்று கேட்பேன். ஆகவே நேராகத் தண்ணீர் பரிசோதிக்கும் பியூலாவிடம் போனேன். இருபத்தெட்டு வயது. இரண்டு வயதுப் பெண்குழந்தை. புருஷன் கப்பலுக்குப் போனவன், அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை.

“ஏளா பியூலா, இந்தத் தண்ணியில என்னமோ இருக்கு.”

“பாத்துட்டேன் அத்த. அம்மோனியா இல்ல, உப்பு ஏறல. எல்லாம் சரியாத்தான் இருக்கு.”

“அப்பம் விரால் ஏன் கடிக்க மாட்டேங்கு?”

“கடிக்கலன்னா நல்லதுதான அத்த?”

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவள் மிஷினில் நாலு விஷயம்தான் தெரியும் என்பது எனக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு மனிதர்களையும் கவனிக்க ஆரம்பித்தேன். மூன்றாம் மாடிக்காரிகள் இரண்டு பேர் துணி காயப்போடும் கம்பிக்காக நாலு வருடம் போட்ட சண்டை நின்றுபோயிருந்தது. குழுக் கூட்டத்தில் நாற்காலி தூக்கின ஆட்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் லாரி ஒரு வாரம் தாமதமானது. ஒருவர்கூடச் செயலாளர் தனபாலன் சட்டையைப் பிடிக்கவில்லை. நம் ஜனமா இது என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

கடற்பாசிச் சாறு கம்பெனிக்காரன்தான் என்னமோ கலக்கிறான் என்று முடிவு கட்டினேன். அன்றிலிருந்து கீரையைத் தொடவில்லை. என் பங்கை வாங்கி ஜிலேபி மீன் தொட்டியில் போட்டுவிடுவேன். என் வீட்டுக்காரரிடமும் சொன்னேன். “நீ சந்தேகப்படாத பொருளத்தான் திங்கணும்னா நான் பட்டினி கெடந்து சாவணும்” என்று சிரித்துவிட்டு, பொன்னாங்கண்ணிப் பொரியலை வழித்துச் சாப்பிட்டார்.

மீன் தீவனம் கொண்டுவரும் லாரி டிரைவரிடம் ஒரு பாட்டில் தொட்டித் தண்ணீரையும் கொஞ்சம் கடற்பாசிச் சாறையும் கொடுத்து, வெளியே ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன். பன்னிரண்டு நாள் கழித்து ஒரு பேராசிரியர் போனில் கூப்பிட்டார்.

“அம்மா, உங்க தண்ணில ஒரு மாத்திரையோட சத்து இருக்கு. மனச்சோர்வுக்குக் குடுக்கிறது. அது மீன் உடம்புல சேர்ந்தா ஒண்ணையொண்ணு தாக்காது.”

“கம்பெனிக்காரன் கலந்துட்டானா சார்?”

“சாறுல இல்லம்மா, அதையும் பாத்தோம். இது மனுஷ உடம்பு வழியா வந்தது. உங்க ஆளுங்கள்ல யாரோ சாப்பிடறாங்க.”

“ஒரே ஒரு ஆளா? நாங்க முந்நூத்தி எம்பது பேரு இருக்கோமே சார்.”

“ஒருத்தர் போதும். அவர் உடம்புலேருந்து உரத்துக்கு, உரத்திலேருந்து கீரைக்கு, கீரையிலேருந்து உங்க எல்லாருக்கும், திரும்ப உரத்துக்கு. வெளிய போறதுக்கு வழியே இல்லையே. தினம் கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்துக்கிட்டே இருக்கும். வருஷக்கணக்கில நீங்க எல்லாருமே அந்த மாத்திரையச் சாப்பிட்டுட்டு இருக்கீங்க.”

போனை வைத்ததும் நான் நேராகத் தனபாலன் வீட்டுக் கதவைத் தட்டினேன். அன்று சாயங்காலமே கூட்டம். ஒவ்வொருவர் சிறுநீரையும் தனித் தனிக் குப்பியில் வாங்கி வெளியே அனுப்புவது என்று முடிவானது. மாத்திரை சாப்பிடுகிற ஆளின் குப்பியில் மட்டும் அளவு எகிறி நிற்கும். குப்பிகளை வாங்குவது யார் என்று கேள்வி வந்தபோது, “யாரையும் நம்பாத ஆளுதான் இதுக்குச் சரி. புஷ்பக்காவே வாங்கட்டும்” என்றார் தனபாலன். எல்லோரும் தலையாட்டினார்கள். டவுனுக்குப் பெட்டியைக் கொண்டுபோவது பியூலா வேலை.

“ஆளு கெடச்சா என்ன செய்ய?” என்று யாரோ கேட்டார்கள்.

“குடும்பத்தோட வெளிய அனுப்பணும். பிள்ளைகளுக்கு மாத்திர ஊட்டுனவனுக்கு என்ன இரக்கம்?” என்றேன். நான்தான் சொன்னேன். வேறு யார் வாயிலிருந்தும் வரவில்லை.

என் வீட்டுக்காரர் தினமும் காலை ஐந்து மணிக்குக் கடல் சுவர் வரை நடந்துபோய் வருவார். கையில் ஒரு வெள்ளைக் கேன் இருக்கும். கடல் தண்ணீர் கொண்டுவந்து காலை ஊறவைத்தால் பித்தவெடிப்புக்கு நல்லதாம். ஆரம்பத்தில் நான் இரண்டு தடவை பின்னாலேயே போய், சுவரருகே எந்தப் பொம்பளையும் நிற்கவில்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். பொம்பளையைத்தான் தேடினேன், கேனைப் பார்க்கவில்லை. குப்பிகள் வாங்குவதற்கு முந்தின நாள் காலை, வழியில் இருக்கிறதே என்று அந்தக் கேனை நகர்த்தினேன். கனத்தது. தண்ணீர் கொண்டுவரப் போகிற கேன், போகும்போது ஏன் கனக்கிறது?

இருட்டு பிரிகிற நேரத்தில் பின்னாலேயே போனேன். சுவர் இடுக்கில் அவர் கேனைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“இஞ்சேருங்க, என்னத்தக் கொட்டுதிய?”

அவர் பதறவில்லை. கடைசிச் சொட்டு வரை கவிழ்த்துவிட்டுத்தான் திரும்பினார்.

“என் மூத்திரந்தான்.”

“எதுக்கு?”

“நான் மாத்திர சாப்பிடுதேன் புஷ்பம். கரையாத மருந்து. ஏழு வருஷமாச்சு.”

ஏழு வருடத்துக்கு முன்னால்தான் எங்கள் வீட்டைக் கடல் எடுத்தது. இரண்டு மாதம் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். சோறு இறங்கவில்லை, பேச்சு இல்லை. நான் உபவாசம் இருந்து ஜெபித்தேன். பிறகு ஒரு நாள் எழுந்து ஷேவ் செய்துகொண்டு டீ கேட்டார். அடுத்த ஞாயிறு கோயிலில் மைக்கைப் பிடித்து, ஜெபத்தாலேயே என் புருஷன் சுகமானார் என்று சாட்சி சொன்னேன். சபையே அல்லேலூயா போட்டது.

“ஆசுபத்திரி வண்டியில வந்த டாக்டருதான் குடுத்தாரு. நீ சாட்சி சொல்லும்போது நான் மாத்திர ஆரம்பிச்சு இருவது நாளு. அத்தன பேருக்கு முன்னால ஒன்னய எப்படிப் பொய்க்காரி ஆக்க?” என்றார்.

“அப்பம் மீனுக்குப் போனது?”

“என்னோடது ஒரு சொட்டு உள்ள போனதில்ல. மஞ்சத்தொட்டியப் பாக்குறவன் நான். அது எங்கெங்க போவும்னு எனக்குத் தெரியாதா? பகல்லயும் கேன்லதான் போறேன். அங்கன எத்தன பிள்ளைய சாப்பிடுது.”

ஊரையெல்லாம் வேவு பார்த்தவள் நான். பக்கத்தில் படுத்திருந்தவர் ஏழு வருடம் தனியாக எதைச் சுமந்தார் என்று தெரியாமல் இருந்திருக்கிறேன். கோபமாக வந்தது, அழுகையாகவும் வந்தது. அந்த ஈர மண்ணில் உட்கார்ந்து அழுதேன்.

“நாளைக்குக் குப்பி குடுத்தா மாட்டிக்கிடுவிய.”

“குடுப்பேன். கேட்டா உள்ளதச் சொல்லுவேன்.”

“சொன்னா நம்பவா போறாவ?”

அவர் தண்ணீரில் இறங்கினார். கேனில் கடல் தண்ணீரை மொண்டுகொண்டார்.

மறுநாள் வீடு வீடாகப் போய்க் குப்பிகளை வாங்கினேன். குளியலறை வாசலிலேயே காவல் நின்றேன். பியூலாவிடமும் அப்படித்தான் வாங்கினேன். என் வீட்டுக்காரரும் சொன்னபடி தன் குப்பியைத் தந்தார். நான் உள்ளே போய் அதைக் கேனில் ஊற்றினேன், குப்பியைக் கழுவினேன், என்னுடையதை நிரப்பி அவர் பெயரை ஒட்டினேன். அவரிடம் சொல்லவில்லை. என் வாழ்நாளில் நான் செய்த முதல் திருட்டுத்தனம்.

பத்து நாளில் பதில் வந்தது. கூட்டத்தில் தனபாலன் காகிதத்தைப் பிரித்தார்.

“எல்லார் குப்பியிலயும் கொஞ்சம் கொஞ்சம் மருந்து இருக்கு. கீரை திங்கோம்லா, அதான். யாருக்கும் அளவு கூடல.” நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “ரெண்டே ரெண்டு குப்பியில மட்டும் மருந்தே இல்ல. துளிகூட இல்ல. ஏழாம் நம்பர் வீடு.”

ஏழாம் நம்பர் எங்கள் வீடு.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் கீரை தின்று இரண்டு மாதமாகிறது. என் உடம்பில் மருந்து எப்படி இருக்கும்? அதைத்தான் இரண்டு குப்பியிலும் ஊற்றியிருக்கிறேன்.

“யக்கா, ஒங்க பங்குக் கீரைய வாங்கிட்டுத்தான் இருக்கிய. திங்காம என்ன செஞ்சிய?” என்று தனபாலன் கேட்டார்.

“ஜிலேபி மீனுக்குப் போடுதாவ. நான் கண்ணால பாத்தேன்” என்றாள் துணிக்கம்பிக்காரிகளில் ஒருத்தி.

“அப்பம் ரெண்டு பேருக்கும் முந்தியே தெரிஞ்சிருக்கு. ஊருக்கு ஊட்டிட்டு நீங்க மட்டும் ஒதுங்கிக்கிட்டிய. மஞ்சத்தொட்டி சாவியும் ஒங்க வீட்டுலதான் இருக்கு” என்றார் தனபாலன்.

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தன் குப்பி காலியாக இருக்க முடியாது என்று அவருக்குத் தெரியுமே. நான் என்ன செய்திருக்கிறேன் என்று அந்த ஒரு பார்வையில் அவருக்குப் புரிந்துவிட்டது. இனி மறைத்தால் விஷம் வைத்தவர் ஆகிவிடுவார் என்று நான் எழுந்தேன்.

“ரெண்டு குப்பியும் என்னோடதுதான். நாந்தான் மாத்தி வச்சேன். சந்தேகத்துல நான் கீரைய விட்டுட்டேன். இவிய தினமும் திங்காவ.”

“ஏன் மாத்துனிய?”

அதற்குள் அவர் எழுந்து நின்றுவிட்டார். ஏழு வருடத்தையும் நாலு வரியில் சொன்னார். மாத்திரை, கேன், கடல் சுவர். குரல் உடையவில்லை. அன்று என் சாட்சிக்குச் சபை போட்ட அல்லேலூயாவை இவர் சாட்சிக்கு யாரும் போடவில்லை.

“வெளியதான் ஊத்துனியன்னு யாரு பாத்தா?” என்றார் தனபாலன்.

“நான் பாத்தேன்” என்றேன்.

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். “ரெண்டு குப்பியில ஒரே மூத்திரத்த ஊத்துனவ சாட்சி சொல்லுதா, கேட்டுக்கிடுங்க.”

அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் அவனுக்கு முன்னால் சிரித்திருப்பேன். அவர் ஒரு பாவமும் அறியாதவர் என்பதற்கு இந்த உலகத்தில் ஒரே சாட்சி நான். அந்தச் சாட்சியை நானே கெடுத்துவிட்டேன்.

எங்களை வெளியே அனுப்பச் சம்மதிக்கிறவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். இடுப்பில் குழந்தையோடு நின்ற பியூலா, எல்லோருக்கும் கடைசியாகக் கையைத் தூக்கினாள்.

கடல் சுவருக்கு வெளியே பழைய உப்பளக் கொட்டகைகளில் ஒன்றில் ஒதுங்கினோம். ரேஷன் அரிசி, கருவாடு, வாரம் ஒரு குடம் நல்ல தண்ணீர். அது பழகிவிடும் என்று நினைத்தேன். என் பயம் வேறு. ஆஸ்பத்திரி வண்டி வருவது நின்று மாதக்கணக்காகிவிட்டது. அவரிடம் ஆறு மாத்திரைதான் மிச்சம் இருந்தது. அது தீர்ந்த பின் அவர் மறுபடியும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிடுவாரோ என்று ஒவ்வொரு காலையும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் பியூலா வந்தாள். டவுனுக்குப் போகிற வழியாம். ஒரு பையைத் தந்தாள். “மாமாவுக்கு அத்த. இனி மாசா மாசம் நான் கொண்டாந்து தாறேன்.” அரிசிக்கு அடியில் மாத்திரை அட்டை இருந்தது. அவர் சாப்பிடுகிற அதே மாத்திரை. அட்டையில் பத்து இருக்க வேண்டும். நாலு குழி பிய்ந்திருந்தது.

கடையில் யாரும் பிய்த்த அட்டையை விற்பதில்லை. நான் அட்டையைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அன்று குப்பிப் பெட்டியை டவுனுக்குச் சுமந்துபோய், வழியில் தன் குப்பியை மாற்றியது யார் என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. பழிகாரி! அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்துப்போய்க் கூட்டத்தின் நடுவில் நிறுத்த வேண்டும் என்று கை பரபரத்தது. பின்னாலிருந்து அவர், “யாரு, பியூலாவா? பிள்ள எப்படியிருக்கு?” என்று கேட்டார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, “நல்லாருக்கா மாமா” என்றாள். நான் அட்டையை மடியில் சொருகிக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து, நல்ல வெயிலில் தனபாலன் கொட்டகைக்கு வந்தார். குடை பிடித்திருந்தார். உட்காரச் சொன்னேன்.

“யக்கா, தண்ணிய மறுபடியும் வெளிய குடுத்துப் பாத்தோம். மருந்து குறையல, கூடியிருக்கு. அண்ணாச்சி இல்லாமயே கூடியிருக்கு.” தொண்டையைச் செருமிக்கொண்டார். மன்னிப்பு கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அது வரவில்லை. “ஒங்க கண்ணுக்குத் தப்பாது. ஆளு யாருன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. கூட்டத்துல பேசி ஒங்க ரெண்டு பேரயும் திரும்ப உள்ள எடுத்துக்கிடுதோம்.”

என் வீட்டுக்காரர் கொட்டகைக்கு வெளியே நிழலில் உட்கார்ந்து வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அன்று காலையில் என்னைக் கேலி செய்யும் அளவுக்குத் தெம்பாகத்தான் இருந்தார். உள்ளே மின்விசிறி, நல்ல தண்ணீர், என் விரால்கள், எங்கள் கட்டில் எல்லாம் இருந்தன. ஒரு பெயர் போதும். சொன்னால் அந்தப் பெண், இடுப்பில் பிள்ளையோடு, பக்கத்துக் கொட்டகைக்கு வருவாள். டவுனுக்குப் போகக் கட்டடத்து வண்டி அவளுக்குக் கிடைக்காது. அவளுக்கும் மாத்திரை இராது, இவருக்கும் இராது. உள்ளே இருக்கிற பிள்ளைகளை நினைத்தால் பயமாக இருந்தது. அடுத்த தடவை பியூலா வரும்போது ஒரு வெள்ளைக் கேனைக் கொடுத்து, அதை என்ன செய்ய வேண்டும் என்று இவரையே சொல்லவைப்பது என்று முடிவு செய்தேன்.

“எனக்கு யார் மேலயும் சந்தேகம் இல்ல, தம்பி.”

“ஒங்களுக்கா?”

“ஆமா.”

தனபாலன் என் முகத்தையே பார்த்தார். கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்துப் பார்த்தார். நான் எல்லோரையும் பார்க்கிற பார்வைதான் அது. வெயிலில் வந்தவராயிற்றே என்று எங்கள் வாரக் குடத்திலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். வாங்கினார். தம்ளருக்குள் ஒருமுறை பார்த்தார். குடிக்காமல் கீழே வைத்துவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார்.